டொலர் ஏறவேண்டும் என்று வைத்த நேர்த்தி

என் கப்பல்காரப் பிள்ளைக்கு,

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்து இரண்டு கேள்வி கேட்டாய். ஒன்று, "அம்மா, என்னட்டை இருக்கிற டொலரை இப்ப மாத்தவோ, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் எண்டு வைச்சிருக்கவோ?" மற்றது, "போன வெள்ளிக்கிழமை சந்நிதியிலை அன்னதானம் குடுத்தமே, அது என்ன நேர்த்தி?" முதலாவதுக்கு, "பொறு, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். இரண்டாவதுக்கு, "உனக்குத்தான், வேறை ஆருக்கு" என்று சொல்லிக் கதையை மாற்றிவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் அரைவாசியை விழுங்கிவிட்டேன். உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், தம்பி. அதைப் போனில் சொல்ல எனக்கு வெட்கம். நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் போனை வைத்துவிடுவேன், பிறகு நாள் முழுக்க ஏன் வைத்தோம் என்று இருந்து அழுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கப்பலில் வேலை இல்லாத நேரம் ஆறுதலாக இருந்து வாசி.

நீ முதல்முதல் கப்பல் ஏறிய காலத்தை நினைத்துப் பார். அப்பா செத்து மூன்று வருடம். வீடு சுவர் மட்டத்தோடு நின்றது. அடுப்படிக்கு மட்டும்தான் தகரம். மழை வந்தால் பாயையும் தலையணையையும் சாமிப் படத்தையும் இழுத்துக்கொண்டு நான் அங்கே போய்விடுவேன். உனக்கு டொலரில் சம்பளம் என்றதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. "டொலர் ஏற ஏற உங்கடை கூரைக்கு ஓடு கூட வரும் அக்கா" என்று மேசன் சொன்னார். அந்த மனிசன் பகிடிக்குத்தான் சொல்லியிருப்பார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து டொலர் விலை பார்க்கிற விசர் எனக்குத் தொற்றிவிட்டது. பேப்பர் வந்தால் மரண அறிவித்தலைப் பார்த்தபிறகு, அடுத்ததாக அதைத்தான் பார்ப்பேன். டொலரோ இருநூறு ரூபாவுக்குச் சற்று மேலே ஏறி, மாடு படுத்த மாதிரி அதிலேயே படுத்துக்கிடந்தது. பாங்கில் அந்த விலை. கொழும்பில் கையில் மாற்றுகிறவர்களிடம் அதைவிடக் கூட என்று கேள்வி. ஒரே டொலருக்கு எப்படி இரண்டு விலை இருக்கும்? ஒரே மீனுக்கு எங்கள் சந்தையில் இரண்டு விலை சொன்னால் சனம் சும்மா விடுமா? அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, உன் சின்னம்மாவோடு சந்நிதி முருகன் கோயிலுக்குப் போனேன். எனக்கு இரண்டு வயது இளையவள், எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு, உன்னைத் தூக்கி வளர்த்தவள், எல்லாம் உனக்குத் தெரியும். சந்நிதியில் பூசை செய்கிறவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல்தான் பூசை செய்வார். அதுவும் உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட சந்நிதானத்தில் நின்றுகொண்டு உன் அம்மா என்ன கேட்டாள் தெரியுமா? "முருகா, டொலர் இருநூற்றைம்பதுக்கு வரவேணும். வந்தால் ஒரு நாள் அன்னதானம் தாறன்." மணி அடித்துக்கொண்டிருந்தது. சின்னம்மா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். காய்ச்சல் மாற நேருவார்கள், பிள்ளை சோதினை பாஸ் பண்ண நேருவார்கள், வீசா கிடைக்க நேருவார்கள். டொலர் ஏற நேர்ந்தவள் இந்த யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாதம் திரும்பவில்லை, ஏறிவிட்டது. ஏறியது என்றா சொல்வது? பாய்ந்தது. இருநூற்றைம்பதில் நிற்கும் என்று பார்த்தால், அதைத் தாண்டி, முன்னூறையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முதல் மூன்று நாலு நாள் நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீ என்னை மதித்திருக்க மாட்டாய். முருகன் எனக்கென்று எழும்பி வந்து செய்தமாதிரி ஒரு நினைப்பு. உடனே மேசனைக் கூப்பிட்டு, "இனி ஓடு போடுவம்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, டொலர் ஏறினது உங்களுக்கு மட்டுமே? சீமெந்துக்கும் ஏறிப்போச்சு, கம்பிக்கும் ஏறிப்போச்சு. இப்ப வாங்கினால் முந்தி வந்த அளவுக்குத்தான் வரும்" என்றார். நீ அனுப்பிய காசு கூடியிருந்தது, நோட்டுக் கட்டும் தடித்திருந்தது, கூரை மட்டும் ஒரு அடியும் கிட்ட வரவில்லை.

அது என் வீட்டுக் கதை. சின்னம்மா வீட்டுக் கதைதான் பெரிது. சித்தப்பாவின் வள்ளத்து எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. முதலில் மண்ணெண்ணெய் விலை ஏறியது, பிறகு மண்ணெண்ணெயே இல்லை. சமையல் காஸ் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் பால்மா இல்லை. பாண் நாளுக்கு நாள் விலை கூடி அளவில் சிறுத்தது. சின்னம்மா விடிய வெள்ளாப்பில் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பாள். ஒருநாள் மனம் கேட்காமல் பிளாஸ்கில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு போனேன். வெயில் ஏறிவிட்டது, அவள் கானுக்கு மேலே குந்தியிருந்தாள், முகம் கறுத்துப்போயிருந்தது. தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, வரிசையைப் பார்த்து, "ஆரோ ஒராள் டொலர் ஏறவேணும் எண்டு நேந்திருக்குப் போல அக்கா" என்றாள். பக்கத்தில் நின்ற சனம் சிரித்தது. பிளாஸ்க் மூடி என் கையிலிருந்து விழுந்து உருண்டு போனது. அதைப் பொறுக்குகிற சாட்டில் குனிந்தவள், கனநேரம் நிமிரவில்லை.

அந்தக் கிழமை நீ போன் எடுத்தபோது நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? "தம்பி, டொலருக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன தொடுப்பு?" நீ விளங்கப்படுத்தினாய். எண்ணெயை டொலர் கொடுத்துத்தான் வாங்கவேண்டும், உலகத்தில் எண்ணெய் விலை ஏறினால் கூட டொலர் வேண்டும், நாட்டில் டொலர் இல்லையென்றால் டொலருக்கு விலை ஏறும், டொலருக்கு விலை ஏறினால் எண்ணெய் எங்களுக்கு இன்னும் விலை ஏறும். "அப்ப எதுதான்ரா முதல்?" என்று கேட்டேன். "அது சுத்திக்கொண்டு வரும் அம்மா" என்றாய். நாய் தன் வாலைப் பிடிக்கச் சுற்றுகிற மாதிரி இருந்தது எனக்கு. பிறகு நீயே, "நான் இப்ப நிக்கிற கப்பலிலை கோதுமைதான் ஏத்திக்கொண்டு போறம்" என்றாய். நீ ஏற்றி இறக்குகிற கோதுமைதான் எங்கள் பேக்கரிப் பாண். அதன் விலை ஏற ஏற இங்கே பிள்ளைகள் அரைப் பாணைப் பங்குபோடுகிறார்கள். உன் சம்பளம் கூடவேண்டும் என்று கேட்டவள் உன் அம்மா. இதில் நீ ஆர் பக்கம், நான் ஆர் பக்கம்?

இன்னும் கேள். நண்டும் இறாலும் வெளிநாட்டுக்குப் போகிற சாமான். டொலர் ஏறினால் அதற்கும் விலை ஏறும். நண்டு வாங்குகிற முதலாளி முந்தியதைவிடக் கூட்டிக் கொடுக்க ஆயத்தமாகத்தான் இருந்தார். அப்படியென்றால் டொலர் ஏறியது சித்தப்பாவுக்கு நல்லதுதானே என்று எனக்குள் ஒரு சின்ன ஆறுதல். ஒருநாள் அவரிடமே கேட்டும்விட்டேன். அவர் வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, "ஓம் மச்சாள், நண்டுக்கு நல்ல விலைதான். நண்டு கடலுக்குள்ளை இருக்கு, நான் கரையிலை இருக்கிறன்" என்றார். துடுப்பு வலித்துக் கடனீரேரிக்குள் மட்டும் போய் வந்தார். கிடைத்ததில் ஒரு கைப்பிடி ஒட்டி மீனை அந்த நாட்களிலும் சின்னம்மா எனக்குக் கொண்டுவந்து தந்தாள். நான் வாங்கினேன். வாங்கிக் குழம்பும் வைத்தேன். சாப்பிட்டும் முடித்தேன்.

தேங்காய் விலைதான் என்னை உச்சத்துக்குக் குழப்பியது. "தேங்காய் எங்கடை மரத்திலைதானே காய்க்குது, அதுக்கும் டொலருக்கும் என்ன?" என்று சங்கக்கடையில் நின்று சத்தம் போட்டேன். மனேச்சர் பொறுமையான பிள்ளை. "உரம் வெளியிலை இருந்து வருது அக்கா, லொறிக்கு டீசல் வேணும், தேங்காயெண்ணெய் வெளியிலை போகுது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு ஒரு காலம் டொலர் கொஞ்சம் இறங்கிவந்தது. ஓடிப்போய், "இப்ப இறங்கிட்டுது, பருப்பு விலையை இறக்கும்" என்றேன். "மலிஞ்ச டொலருக்கு வாங்கின பருப்பு இன்னும் கப்பலிலை வருது அக்கா" என்றான். ஏறும்போது அன்றைக்கே ஏறுகிற பருப்பு, இறங்கும்போது மட்டும் ஏன் கப்பலில் வருகிறது? நீ கப்பல்காரன், நீயாவது சொல். பவுண் இன்னொரு கூத்து. டொலர் இறங்கினால் பவுணும் இறங்கும் என்று எல்லாரும் சொல்ல, உனக்குக் கலியாணம் வரும், அப்போது தாலிக்கு வாங்கலாம் என்று காத்திருந்தேன். டொலர் இறங்கியது, பவுண் ஏறியது. உலகச் சந்தையிலேயே ஏறிவிட்டதாம். அந்த உலகச் சந்தை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஒருநாள் போய் நேரே கேட்டுவிட்டு வருவேன்.

இதற்குள் நேர்த்தி அப்படியே கிடந்தது. கேட்டதைக் கொடுத்த சாமிக்குச் சொன்னதைக் கொடுக்கவில்லை. முதலில் அரிசி பருப்பு விற்ற விலையைச் சாட்டாகச் சொன்னேன். உண்மை அது இல்லை. மடத்தில் அன்னதானத்துக்குப் பதிகிறபோது என்ன நேர்த்தி என்று கேட்பார்களே, என்ன சொல்வது? வரிசையில் நின்று களைத்த சனத்தைக் கூப்பிட்டு இருத்தி, அந்த வரிசை வரவேண்டும் என்று கேட்டவளே அகப்பையைப் பிடித்துச் சோறு போடுவதா? வெட்கத்தில் ஒத்திப்போட்டேன். நான் செய்த பிழைகளில் பெரியது எது என்று நீ கேட்டால் நேர்ந்ததைச் சொல்லமாட்டேன், ஒளித்ததைத்தான் சொல்வேன்.

அந்த வரிசைக் காலத்தில்தான் ஒருமுறை உன் போன் நின்றது. பதினொரு நாள். பிறகு நீ சொன்னாய், நடுக்கடலில் கப்பலின் இன்டர்நெட் பழுதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று. உனக்கு அவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு முடிந்துகொண்டிருந்தது. டொலரைக் கேட்டாய், தந்தேன், சொன்னதைத் தரவில்லை, இப்போது பிள்ளையை எடுக்கிறேன் என்று முருகன் சொல்வதாகவே எனக்குப் பட்டது. பதினோராம் நாள் காலையில் வாசலில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் ஆளே இல்லாமல், "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தேன். சின்னம்மா வெறும் கானோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். கானைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பின்னேரம் உன் போன் வரும்வரைக்கும் எழும்பவில்லை. அன்றைக்கு அவளுடைய வரிசை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். என்னத்துக்கு வந்தாள் என்று நான் கேட்கவே இல்லை.

இந்த முறை நீ லீவில் வந்து நின்றபோது முடிவெடுத்தேன். இந்த நேர்த்திப் பாரத்தோடு உன்னைத் திரும்பவும் கப்பல் ஏற்ற என்னால் முடியாது. நீ சந்தையில் மரக்கறி எடுக்கப் போயிருந்த நேரம், நானும் சின்னம்மாவும் மடத்துக் கொட்டிலில் இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். நாற்பது ஐம்பது வருடம் கூடப்பிறந்தவளாய் இருந்தவள், இனி என் வாசற்படி மிதிக்காமல் போனால்? இருந்தாலும் சொன்னேன்.

"பிள்ளை, இது என்ன நேர்த்தி எண்டு தெரியுமோ?"

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "டொலர் ஏற."

"ஆரடி சொன்னது?"

"நீதான். பக்கத்திலை நிண்டு செவிடனுக்குச் சொல்லுறமாதிரிச் சொன்னனீ. இடையிலை மணி நிண்டது உனக்குத் தெரியேல்லை. முருகனுக்குக் கேட்டுதோ என்னவோ, எனக்கு வடிவாக் கேட்டது."

எனக்குப் பூசணிக்காயும் தெரியவில்லை, கத்தியும் தெரியவில்லை. "இவ்வளவு காலமும் தெரிஞ்சுகொண்டே இருந்தனீ? அந்த வரிசையிலை நிக்கேக்கையும்?"

"ஓம்."

"அப்ப ஏனடி ஒண்டும் கேக்கேல்லை? வந்து ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாமே!"

"ஏசத்தான் வந்தனான்" என்றாள். "கான் வெறுமையாத் திரும்பின அண்டைக்கு, எனக்கு வந்த ஆத்திரத்திலை கானோடையே உன்ரை வீட்டுக்கு வந்தனான். நாக்கைப் பிடுங்கிறமாதிரி நாலு கேள்வி கேக்கோணும் எண்டு ஒழுங்கை முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். வந்து பாத்தால் நீ வாசல்லை நிண்டு, ஆளில்லாத போனிலை பிள்ளையைக் கூப்பிட்டு அழுறாய். நான் என்னத்தைக் கேக்கிறது? என்ரை மனுசனும் கடலிலை போறவர்தானே." துண்டுகளைச் சட்டிக்குள் வழித்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "இனிமேல் மெல்லமாக் கும்பிடு அக்கா. எல்லாருக்கும் கேக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அழுதேன். நீ மரக்கறிச் சாக்கோடு வந்து, "ஏன் அம்மா கண் சிவந்திருக்கு?" என்று கேட்டபோது, வெங்காயம் என்று சொன்னேனே, அங்கே அந்த நேரம் வெங்காயமே வந்திருக்கவில்லை. அதை நீதான் கொண்டுவந்திருந்தாய்.

பந்தியில் சித்தப்பா இருந்தார், சங்கக்கடை மனேச்சர் இருந்தான், வரிசையில் நின்று சிரித்த சனத்தில் பாதி இருந்தது. நான் கையால் சோறு போட்டேன். சின்னம்மா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, பருப்புக்கு உப்புக் குறைவு என்றாள். குறைவுதான்.

இனி உன் முதல் கேள்விக்கு வருகிறேன். மாற்றுவதா, வைத்திருப்பதா? எனக்குத் தெரியாது தம்பி. இவ்வளவு நாள் பேப்பர் பார்த்தும் தெரியாது. கலியாணத்துக்கும் கூரைக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை இன்றைக்கே மாற்று. மிச்சம் உன் பாடு. ஆனால் ஏறட்டும் என்று வைத்திருந்தால், ஏறுகிற அன்றைக்கு எனக்குப் போன் எடுத்துச் சந்தோசப்படாதே. சின்னம்மாவுக்கு எடுத்து, சித்தப்பா தொழிலுக்குப் போனவரா என்று முதலில் கேள். நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான். இதுவும் சரியோ பிழையோ தெரியாது.

நீ திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனாய். செவ்வாய்க்கிழமை காலையில் நானும் சின்னம்மாவும் சந்நிதிக்குப் போனோம். பூசை நடந்தது. கை கூப்பிக்கொண்டு நின்றேன், என்ன கேட்பதென்று தெரியவில்லை. டொலர் ஏறு என்றால் இவள் பக்கத்தில் நிற்கிறாள். இறங்கு என்றால் உன் உழைப்பு கரைகிறது. நில் என்றால், முந்தி அது இருநூறிலேயே நின்றதால்தானே பிறகு அப்படிப் பாய்ந்தது என்று நீ ஒருமுறை சொன்னாய். ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். வாய் என்னைக் கேட்காமல் மெல்லத் திறந்து, "என்ரை பிள்ளை கரை சேரவேணும்" என்றது. சின்னம்மா என் கையைப் பிடித்தாள்.

"இதைச் சத்தமாக் கேள் அக்கா" என்றாள்.

இப்படிக்கு,
அம்மா